சடைச்சி கவிழ்த்த பானை

அந்தக் காலத்தில் கொசுவும் தவளையும் நம்மைப் போலவே வாய் திறந்து பேசும். கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் வம்பு பேசும். அப்போதெல்லாம் பானைகள் வானத்தைப் பார்த்தே இருந்தன. கழுவிய பானையோ, காலிப் பானையோ, உடைந்த பானையோ, எதையும் யாரும் சும்மா கவிழ்த்து வைத்ததில்லை. நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் நடந்தது அப்படித்தான்.

கோரைப்பள்ளம் என்று ஓர் ஊர். பக்கத்தில் ஆறு, பின்னால் சதுப்பு, நடுவில் குயவர் தெரு. வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் புழுக்கம். துணி காயாது, உப்பு கசியும், கதவு உப்பிப் போய்ச் சாத்த வராது. அதனால் என்ன, மண் நல்ல மண். அந்தத் தெருப் பானையில் சோறு வடித்தால் மறுநாள் வரை கெடாது என்று ஏழூர்க்காரர்களும் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போனார்கள்.

அந்தத் தெருவில் மருதன் வீட்டு முற்றத்தில்தான் தலைச் சக்கரம் இருந்தது. ஊர் உண்டானபோது முதலில் சுழன்ற சக்கரம் அது. அதன்மேல் கை வைத்து ஒரு வாக்குக் கொடுத்தால் தெரு முழுக்கக் கொடுத்த மாதிரி. மீறினால் சக்கரம் கோணிக்கொள்ளும், அப்புறம் எந்தச் சக்கரத்திலும் பானை வட்டமாக வராது என்று எல்லாரும் நம்பினார்கள். நம்பியதற்குக் காரணமும் இருந்தது, அதுவரை யாரும் மீறிப் பார்த்ததில்லை.

மருதனின் மனைவி சடைச்சி. மாமன் மகனையே கட்டிக்கொண்டவள். வெகு காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு பெண் பிறந்திருந்தது. செவ்வந்தி என்று பேர். சடைச்சிக்கு உயிர் தன் உடம்பில் இல்லை, முற்றத்து வேப்பமரத்தில் கட்டிய தூளியில் ஆடிக்கொண்டிருந்தது.

வேலை அவர்களுக்குள் பிரிந்திருந்தது. சக்கரம் சுற்றி, வாயும் கழுத்தும் எடுத்து, நூலால் அறுத்துக் கொடுப்பது மருதன். அப்படி வரும் பானைக்கு அடிப்பக்கம் மொத்தையாக இருக்கும். அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி, மெல்லியதாக, உருண்டையாக, ஓட்டை ஒடிசல் இல்லாமல் அடி சேர்ப்பது சடைச்சி. தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். வாய் ஆண்களுடையது, அடி பெண்களுடையது.

ஆனால் வாங்க வருகிறவன் எதைப் பார்ப்பான்? வாயைத்தான். முற்றம் முழுக்கப் பானைகள் வாய் பிளந்து நிற்கும். "அடடா, விளிம்பைப் பாரு, மருதன் கை மருதன் கைதான்" என்பான். அடி மண்ணில் கிடக்கும். அதைத் தட்டியவள் அடுப்படியில் கிடப்பாள். சடைச்சிக்கு அது மனதுக்குள் உறுத்தத்தான் செய்தது. வெளியே சொன்னதில்லை.

பானையை ஏன் கவிழ்க்க மாட்டார்கள் என்று கேட்கிறீர்களா? அந்தத் தெருவில் இழவு விழுந்த வீட்டில் மட்டும்தான் பானை கவிழும். அதைப் பார்த்தவுடனேயே தெருவுக்குத் தெரிந்துவிடும், அடுப்பு அணைந்தது என்று. மற்ற நாளில் பானை கவிழ்ந்திருந்தால் குழந்தையைக்கூட அடிப்பார்கள். மழை வந்து பானையில் தண்ணீர் நின்றாலோ கேட்கவே வேண்டாம், வானமே வந்து நிறைகுடம் வைத்தது என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். யாரும் கொட்ட மாட்டார்கள்.

இதையெல்லாம் சதுப்பில் இருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். கொசுவாத்தா.

கொசு அப்போது சதுப்புவாசி. ஊருக்குள் வராது. சதுப்பில் அவள் பாடு பெரும்பாடு. முட்டையிட்டால் மீன் தின்றது, மீன் விட்டதைத் தட்டான் குஞ்சு தின்றது, தப்பிப் பிழைத்து மேலே வந்ததைத் தவளை நாக்கை நீட்டி இழுத்தது. பெற்ற பிள்ளைகளில் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். மீன் வராத, தவளை ஏறாத தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு, மருதன் முற்றத்துப் பானைகள் கண்ணில் பட்டன.

விளக்கு வைக்கிற நேரம். மருதன் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொசுவாத்தா ஒரு பானை விளிம்பில் வந்து பணிவாக உட்கார்ந்தாள்.

"வேளாரே, பானை வாயின்னா இதுதான்யா வாயி. சுத்திச் சுத்திப் பறந்து பார்த்துட்டேன், ஒரு மேடு இல்ல, ஒரு பள்ளம் இல்ல. தேவலோகத்துல இருக்கிறவன்கூட இப்படி எடுக்க மாட்டான்."

மருதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. புகழ்கிறவள் கொசு என்பதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை.

"என்ன வேணும் ஒனக்கு? சொல்லு."

"பெரிசா என்ன கேக்கப் போறேன். வானம் பார்த்து வாய் தொறந்து இருக்கிற பானையில மழைத்தண்ணி நிக்குதுல்ல, நீங்க அதைக் குடிக்கிறதும் இல்ல, கொட்டுறதும் இல்ல. அது எம் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆகட்டும். அதுல யாரும் கை விடக் கூடாது. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தான் மருதன். சக்கரத்தின்மேல் கையை வைத்தான். "வானம் பார்த்து வாய் தொறந்திருக்கிற பானை எதுவானாலும், அதுல நிக்கிற தண்ணி ஒன்னோடது. எங்க தெருவுல ஒருத்தரும் அதுல கை விட மாட்டோம்."

வேப்பமரத்தடியில் பானை தட்டிக்கொண்டிருந்த சடைச்சிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"மாமா! கேக்காம கொள்ளாம தலைச் சக்கரத்துல கை வச்சுட்டீங்களே!"

"அட போ புள்ள. ஒரு கொசு எம்புட்டுத் தண்ணியக் குடிச்சிடப் போகுது?"

கொசுவாத்தா அதற்குள் ஒரு பானைக்குள் இறங்கிவிட்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கச் சுட்ட பானைகள் நிரம்பி நின்றன. ஜனங்கள் கும்பிட்டுக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் பொழுது சாய்ந்தால் முற்றத்தில் நிற்க முடியவில்லை. பேசினால் கொசு வாய்க்குள் போனது, சோற்றில் விழுந்தது, காதுக்குள் பாடியது. வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை மூட்டினார்கள். புகை இருக்கும் வரை கொசு இல்லை. கண் எரிந்து, இருமி, இவர்கள் புகையை அணைத்ததும் அது திரும்பி வந்தது. வேறு எங்கே போகும், தொட்டில் இங்கேதானே இருக்கிறது.

பிறகு காய்ச்சல் வந்தது. முதலில் கோடி வீட்டில், அப்புறம் எதிர் வீட்டில், அப்புறம் வீட்டுக்கு வீடு. பல் கிடுகிடுக்க நடுக்கிப் போட்டது. மண் மிதிக்க ஆள் இல்லை. சூளை அடுக்க ஆள் இல்லை. புகை காணாத சூளையில் நாய் குட்டி போட்டது.

அப்புறம் ஒரு காலையில் சடைச்சி தூளிக்குள் கை விட்டாள். செவ்வந்தியின் உடம்பு அடுப்புக்கல்லாகச் சுட்டது.

பால் குடிக்கவில்லை. அழக்கூட இல்லை. முகத்திலும் காலிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. சடைச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்து, யாரைக் கேட்பது என்று தெரியாமல், திண்ணைக் குறட்டில் உட்கார்ந்திருந்த தவளையைக் கேட்டாள்.

"நீதானே கொசுவத் தின்னுறவன்! ஒக்காந்து வேடிக்கை பாக்குறியே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

தவளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னை ஏன்த்தா வையிற? பறக்குறதுல பத்த முழுங்குனா, ஒங்க பானையில இருந்து நூறு கிளம்புது. எனக்கு இருக்கிறது ஒரு வயிறு. பானை வாய்க்கு ஏற முடியுதா என்னால? நீயே உள்ள எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தாள். வானம் வைத்த நிறைகுடம் என்று இத்தனை நாள் கும்பிட்ட பானை. உள்ளே தண்ணீர் தெரியவில்லை, புழுதான் தெரிந்தது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நெளிந்துகொண்டு, நிழல் பட்டதும் சடாரென்று அடியில் இறங்கியது. அடுத்த பானையிலும் அதே. அதற்கு அடுத்ததிலும். தன் கையால் தட்டித் தட்டி அடி சேர்த்த பானைகளில்தான் தன் பிள்ளைக்கு எமன் வளர்ந்துகொண்டிருந்தான்.

கையைத் தண்ணீருக்குள் விடப் போனாள். விளிம்பில் கொசுவாத்தா உட்கார்ந்திருந்தாள்.

"கையை எடு, ஆத்தா. வாக்கு இருக்கு. நீ கை விட்டா ஒங்க தெருச் சக்கரம் அத்தனையும் கோணும். அப்புறம் என்ன பண்ணிப் பிழைப்பீங்க?"

"எம் பிள்ளை சாகக் கிடக்குடி!"

"எம் பிள்ளைகளும் சதுப்புல செத்துச்சுதான். யாரு வந்து அழுதீங்க?"

சடைச்சி கையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மருதன் குனிந்த தலை நிமிரவில்லை. "எல்லாம் என்னால வந்தது, புள்ள. சக்கரம் போனாப் போகுது. நானே போயிக் கை விட்டுறேன்" என்று எழுந்தான். அவனுக்கும் குளிர் நடுக்கிக்கொண்டிருந்தது. அவள் அவனை உட்கார வைத்தாள். அவன் ஒருவன் மீறினால் தெருவே பட்டினி கிடக்கும். மீறாவிட்டால் பிள்ளை போய்விடும். இரண்டில் எதையும் அவளால் கொடுக்க முடியாது.

மனம் கொதித்தால் சிலர் அழுவார்கள், சிலர் சண்டைக்குப் போவார்கள். சடைச்சி பானை தட்டுவாள். பிள்ளையை மருதன் மடியில் விட்டுவிட்டு, அரைகுறையாகக் கிடந்த, இன்னும் சுடாத ஒரு பச்சைப் பானையை எடுத்து மடியில் கவிழ்த்து, கல்லை உள்ளே கொடுத்துப் பலகையை ஓங்கினாள். தட்டினாள், தட்டினாள். திடீரென்று நிறுத்திவிட்டு மடியைக் குனிந்து பார்த்தாள். பானையின் வாய் பூமியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வானம் பார்த்த பானைதானே கொசுவாத்தாவுக்கு? சடைச்சி பலகையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

முற்றத்தின் நடுவில் போய், முதல் பானையின் வெளிப்பக்கத்தை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து ஒரு சாய்ப்புச் சாய்த்தாள். தண்ணீர் மண்ணில் கொட்டியது. புழுக்கள் ஈர மணலில் துடித்தன. பானையைப் பூமி பார்க்கக் கவிழ்த்து வைத்தாள்.

எதிர் வீட்டிலிருந்து அலறல் கேட்டது. "ஐயையோ! சடைச்சி பானையக் கவுத்துட்டாளே! பிள்ளை போயிருச்சா?"

தெரு கூடிவிட்டது. காய்ச்சலில் கிடந்தவர்கள்கூடப் போர்வையோடு வந்தார்கள். மருதன் பிள்ளையோடு ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான்.

"பிள்ளை மூச்சு இருக்கு, புள்ள. இருக்கும்போதே ஏன் பானையக் கவுக்கிற? கையால இழவ வரவழைக்கிறியா?"

சடைச்சிக்கும் பயம்தான். அவளும் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள்தானே. கவிழ்ந்த பானையைப் பார்த்தால் அவளுக்கும் ஒப்பாரிதான் காதில் கேட்கும். இருந்தாலும் கையை விடுவித்துக்கொண்டாள்.

"பிள்ளை போகக் கூடாதுன்னுதான் மாமா கவுக்குறேன்" என்று சொல்லி, அடுத்த பானையைச் சாய்த்தாள்.

சாய்த்துக்கொண்டே போனாள். உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டியிருந்த முட்டையை வைக்கோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். குடிக்கிற தண்ணீர்ப் பானையை ஒரு சட்டியால் மூடினாள். தவளை வாய் கொள்ளாமல் தின்றுகொண்டு பின்னாலேயே வந்தது.

ஆனால் தன் முற்றம் மட்டும் காய்ந்து என்ன பயன்? பக்கத்து வீட்டுப் பானைகள் நிறைந்து நின்றன. கொசுவுக்கு வேலி ஏது? சடைச்சி பக்கத்து வீட்டு இருளாயியைப் பார்த்தாள். மருதனின் அண்ணன் மனைவி. அவள் வீட்டிலும் மகன் காய்ச்சலில் கிடந்தான்.

"மதினி, நீங்களும் கவுத்துருங்க."

இருளாயி பின்வாங்கினாள். "ஆகாதத்தா. என் வீட்டுல இழவு கூட்ட மாட்டேன்."

தெரு நாட்டாமை குருந்தன் கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். "பொம்பளை வந்து தெரு மானத்தக் கெடுக்குறதா? பானைக்கு அழகு வாய். அதை மண்ணுல அழுத்தி வச்சா எவன் வாங்குவான்? நிமித்து!"

பானை நிமிரவில்லை, சடைச்சிதான் நிமிர்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். வெகு நாளாக மனதில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நாட்டாமை, பானைக்கு அழகு வாய்ங்கிறீங்க. சரி. அடுப்புல வைக்கிறது எதை? வாயையா? தீயைத் தாங்குறது எது? ஏழூர்க்காரன் சோறு கெடாம இருக்கிறது எதனால? நாங்க தட்டுன அடியினால! எத்தனை தலைமுறையாத் தட்டுறோம், ஒருத்தராச்சும் ஒரு நாளாச்சும் திருப்பிப் பார்த்தீங்களா? இன்னைக்குப் பாருங்க." பிறகு பெண்கள் பக்கம் திரும்பினாள். "ஏ இருளாயி மதினி, ஏத்தா, எல்லாரும் வந்து பாருங்கடி. இது இழவாத் தெரியுதா ஒங்களுக்கு? இது யாரு கை?"

மழை விட்டு வெயில் அடித்தது. கவிழ்ந்த பானைகளின்மேல் ஈரம் மின்னியது. பெண்கள் பார்த்தார்கள். அத்தனை காலமும் மண்ணில் புதைந்து கிடந்த அடிகள், உருண்டு திரண்டு, ஒரு தழும்பு இல்லாமல், வரிசையாக நின்றன. பலகை பட்ட தடம் மெல்லிய பூப்போல ஓடியிருந்தது. ஆண்களும் பார்த்தார்கள்.

இருளாயி மெல்ல வந்து ஒரு பானையின் அடியைத் தடவினாள். அவள் கண் நிறைந்தது. "ஏ சடைச்சி, எவ்வளவு வடிவா இருக்குடி" என்றாள். விறுவிறுவென்று தன் முற்றத்துக்குப் போனாள். முதல் பானையைச் சாய்த்தாள். "என் கையையும் பார்க்கட்டும்!"

அவ்வளவுதான். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்கு ஓடினாள். காய்ச்சலில் கிடந்தவள் எழுந்து வந்து கவிழ்த்தாள். நீ முந்தி நான் முந்தி என்று தெருவே பானை கவிழ்த்தது. தெரு நீளத்துக்கும் தண்ணீர் ஓடி ஆற்றில் விழுந்தது. ஓட்டைச் சட்டி, உடைந்த கலயம், கோழிக்குத் தண்ணி வைக்கிற ஓடு, ஒன்றையும் விடவில்லை.

குருந்தன் என்ன செய்வார்? கம்பை நீட்டி ஒரு பானையின் அடியைத் தட்டினார். 'ணங்' என்றது. அடுத்ததைத் தட்டினார். அதுவும் 'ணங்' என்றது. தெருக்கோடி வரை தட்டிக்கொண்டே போய்த் திரும்பி வந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கொசுவாத்தா வந்தாள். இறங்க இடம் தேடினாள். பறந்து பறந்து பார்த்தாள். எங்கே பார்த்தாலும் வழுக்கும் உருண்டை அடி. சடைச்சியின் காதருகே வந்து கீச்சென்று கத்தினாள்.

"வாக்கு மீறிட்டீங்க! சக்கரம் கோணப் போகுது பாரு!"

"மீறலையே, ஆத்தா. தண்ணிக்குள்ள யாரும் கை விடல. வானம் பார்த்த பானை எங்கேயாச்சும் இருந்தா இன்னமும் அது ஒன்னோடதுதான். தாராளமாப் போயி இறங்கு."

மருதன் தலைச் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். தெருவே நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. சக்கரம் ஒரு கோணல் இல்லாமல், வழுவழுவென்று சுழன்றது.

கொசுவாத்தா சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்து பார்த்தாள். ஆனால் தோற்றேன் என்று சொல்கிற ஜாதியா அவள்? "என்னைக்காவது ஒருத்தி மறப்பா. ஒரு சட்டியையாச்சும் நிமித்தி வச்சிட்டுப் போவா. அன்னைக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டு இருட்டில் பறந்தாள்.

நாள் போகப் போகக் கொசு குறைந்தது. வீடு வீடாகக் காய்ச்சல் இறங்கியது. ஒரு விடிகாலையில் செவ்வந்தி தூளியில் வீலென்று அழுதாள். பசிக்கு அழுகிற அழுகை. சடைச்சி பிள்ளையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, கவிழ்ந்த பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. மருதன் சூளை மூட்ட விறகு சுமந்துகொண்டு போனான். அடுத்த சந்தைக்கு வந்த வண்டிக்காரன் ஒருவன், முற்றத்தைப் பார்த்துத் திகைத்து, "யாரு வேளாரே தவறிட்டாங்க?" என்று கேட்டான்.

"ஒருத்தரும் தவறல" என்றான் மருதன். "அடியைத் தட்டிப் பாரு. என் பெண்டாட்டி கை."

கொசுவாத்தாவும் சொன்ன சொல் தவறவில்லை. மறந்துபோய் நிமிர்ந்து கிடக்கும் சிரட்டையிலும், மொட்டைமாடி வாளியிலும், பழைய டயரிலும் மழைத்தண்ணீர் நின்றால் அது தனக்கு எழுதிக் கொடுத்த தொட்டில் என்றே இன்றும் வந்து இறங்குகிறாள். வாக்கு வாக்குதானே.

அன்று முதல்தான் நம் வீடுகளில் கழுவிய பானை கவிழ்ந்தே உறங்குகிறது. அன்று முதல்தான் பானை வாங்கப் போகிறவர்கள் வாயைப் பார்ப்பதோடு நிற்காமல் அடியைத் தட்டிக் கேட்கிறார்கள். நீங்களும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். 'ணங்' என்று கேட்கிறதே, அது சடைச்சியின் கை.